ஏழு கொட்டைகள்

தெப்பேயின் அம்மா தொடர்பேட்டில் எழுதியிருக்கிறார்:
நேற்றிரவு துணி துவைக்கும் எந்திரம் நின்றுவிட்டது.
வடிகுழாயில் ஏழு ஓக் கொட்டைகள்.
மாலையில் பிள்ளையின் பைகளை ஒருமுறை
கவிழ்த்துப் பார்த்து அனுப்ப முடியுமா?

எழுத்தில் கோபம் இல்லை.
'ஏழு' என்ற சொல்லுக்கு மட்டும்
இரண்டு அடிக்கோடு.

கவிழ்த்துத்தான் அனுப்பினேன்.
வலப்பை, இடப்பை, சட்டையின் முதுகில் தொங்கும் தலைமூடி.
காலுறைக்குள் பார்க்கத் தோன்றவில்லை.

அக்டோபர் பிறந்துவிட்டால் தோனோவில்
நான்கு வயதுக்காரர்களின் நடையே வேறு.
இரண்டடி வைப்பார்கள், குனிவார்கள்.
கோயில் தோப்புக்குப் பத்து நிமிட வழி;
நேற்று ஒரு மணி நேரம் ஆனது.
கழுவிக் காயவைத்த பால் அட்டைப் பெட்டிகளுக்குக்
கம்பளி நூலில் கைப்பிடி.
தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுப் பேர்,
தீர்வை வசூலிக்கப் போகிறவர்கள் மாதிரி.

தொப்பி போட்டது ஒரு குவியல்.
தொப்பி தொலைத்தது ஒரு குவியல்.
ஒரே காம்பில் இரண்டு இருந்தால் அது மினோரிக்கு;
அவள் வீட்டில் தம்பிகள் இரட்டை.
கிங்கோப் பழத்தை மிதித்த ரிட்சுவின் காலணிகள்
அந்த நாற்றத்துக்காக
சன்னலுக்கு வெளியே தண்டனையில் நிற்கின்றன.

பொறுக்கி வந்ததை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.
மூன்று வருடத்துக்கு முன் வைத்தேன்.
பெற்றோர் வந்த ஞாயிற்றுக்கிழமை
கொட்டை மாலைகளிலிருந்து புழுக்கள்
ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி
வெள்ளை மேசை விரிப்பில் ஊர்ந்தன.
முதல்வர் யஹாகி அம்மையார் இன்றும்
இலை உதிர்ந்தால் என்னைத்தான் பார்க்கிறார்.

ஆகையால் வாளி.
மூழ்கினால் நல்லது, மிதந்தால் பூச்சி தின்றது.
மூழ்கியதைப் பிள்ளைகள் போனபிறகு
பழைய நூடுல்ஸ் பானையில் வேகவைப்பேன்.
சமையலறை முழுக்க
நனைந்த மரப்பெட்டியின் வாசம்.
மிதந்ததை வேலியோரம் வீசிவிடுவேன்.

நேற்று மிதந்தவை ஏழு.
எண்ணியவள் நான் அல்ல.
வாளி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு
தெப்பேய்தான் சொன்னான்:
"ஏழு பேருக்கு நீந்தத் தெரியுது, டீச்சர்."
வீசலாம் என்று திரும்பியபோது தட்டு காலி.
காற்று என்று நினைத்தேன்.
காற்றுக்கு எங்கே எண்ணத் தெரியும்.

இன்று காலை அவனே கொண்டுவந்தான்,
தாளில் பொதிந்த ஏழு கொட்டைகளையும்.
துவைத்து, அலசி, சுழற்றப்பட்டு
எண்ணெய் தேய்த்துக் குளித்தவை போல் மினுங்கின.

இன்று தராசுப் பொம்மை செய்கிற நாள்.
நடுவில் ஒரு பெரிய கொட்டை,
இரு பக்கமும் மூங்கில் குச்சி,
குச்சி முனைக்கு ஒரு கொட்டை.
துளை போடுவது நான், கோப்பது அவர்கள்.
விரல் நுனியில் வைத்தால் விழாமல் ஆடும்.
மினோரியுடையது ஆடியது.
ரிட்சுவுடையது மூக்கின் மேலேயே ஆடியது.
தெப்பேயுடையது இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது.
மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

வலப்பக்கக் கொட்டையில்
என் துளையைத் தவிர இன்னொரு துளை.
குலுக்கினேன்; உள்ளே உமி மாதிரி ஏதோ.
"இது காலி, வேறு தரட்டுமா?"
பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.
"காலி இல்ல. வெளியே போயிருக்கான்."

தொடர்பேட்டின் பக்கத்தை இப்போதுதான் திருப்புகிறேன்.
பின்புறம், பென்சிலில், சிறிதாக:
ஒன்றிலிருந்து ஒரு புழு வந்தது.
நல்லவேளை, வெந்நீரில் துவைக்கவில்லை.
டோஃபு டப்பாவில் மண் போட்டு வைத்திருக்கிறோம்.
இவன் தூங்க மாட்டேன் என்கிறான். அது என்ன சாப்பிடும்?

பானை கொதிக்கிறது. அடுப்பைக் குறைத்துவிட்டு
பதில் எழுத உட்கார்ந்தேன்.
காலுறைக்கு மன்னிக்கவும், நாளையிலிருந்து பார்க்கிறேன்.
இனி அது ஒன்றும் சாப்பிடாது.
மண் போதாது, ஒரு சாண் ஆழமாவது வேண்டும்.
குளிர் முழுக்க உள்ளேயே இருக்கும்.
அடுத்த வருடம் வரலாம்,
அதற்கடுத்த வருடமும் ஆகலாம்.
தெப்பேயிடம் எப்படிச் சொல்வது என்று
எனக்கும் தெரியவில்லை.

மூடிவைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தேன்.
ரிட்சுவின் காலணிகளை எடுத்து முகர்ந்தேன்.
இன்னும் ஒரு நாள் நிற்கட்டும்.